கைம்மாறு கருதாதவரின் கடன்

ஊதியம் பெற்று ஒரு தொழிலை மேற்கொள்பவர் அத்தொழிலைச் செவ்வனே ஆற்றக் கடமைப்பட்டவர் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஊதியமின்றி, மனமுவந்து ஒரு பணியை மேற்கொள்பவர் யாருக்கு, எந்த அளவிற்குக் கடமைப்பட்டவர் என்ற வினாவிற்கோ விடை அத்துணை எளிதன்று. அவர் அளிப்பது கொடையெனின், அக்கொடையின் அளவையும் காலத்தையும் வரையறுக்கும் உரிமை கொடுப்பவருக்கே உரியதாகும். பெறுபவர் நன்றி கூறலாமேயன்றிக் கணக்குக் கேட்டல் முறையாகாது. பொதுவாழ்விற் பலரும் ஏற்றுக்கொண்டுள்ள இக்கருத்துச் சரியானதுதானா? கோயிற் பணி, வாசிகசாலைப் பணி, விளையாட்டுக் கழகப் பணி எனப் பல தொண்டுகளை முன்வைத்து இவ்வினாவை ஆராயலாம். எனினும் சாரணர் துருப்பொன்றை நடத்தும் தலைவரின் பணியை நோக்குமிடத்து அது மிகக் கூர்மை பெறுகின்றது. ஏனெனில் இங்கு பெறுபவர்கள் சிறுவர்கள். தமக்கு அளிக்கப்படுவது நன்றா தீதா என எடைபோடும் ஆற்றல் இன்னும் முதிராதவர்கள்.

பேடன் பவல் 1907 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு நடத்திய பாசறையே சாரணர் இயக்கத்தின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகின்றது. ஐந்தாண்டுகளின் பின்னர், 1912 இல், மாத்தளை கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் எவ். ஜி. ஸ்டீவன்ஸ் என்பவரால் அது இலங்கையிலும் தொடக்கிவைக்கப்பட்டது. இங்கு சாரணத் தலைவராக இருப்பவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியர். அன்றேல் அப்பாடசாலையின் பழைய சாரணர். பாடசாலை விட்ட பின்னர் முடிச்சுக்களும் முதலுதவியும் கற்பித்தல், சின்னங்களுக்குரிய தேர்வுகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்தல், பெற்றோரிடம் அனுமதிக் கடிதம் பெறுதல், பாசறைக்குக் கூடாரமும் அரிசி பருப்பும் சேர்த்தல், இரவிற் காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகே விழித்திருத்தல் என அவரது பணி விரிகின்றது. செலவில் ஒரு பகுதி அவரது சட்டைப்பையிலிருந்தே போவதும் உண்டு. இத்தகையவரைச் சமூகம் தியாகி எனப் போற்றுவது இயல்பே. ஆயின் போற்றுதல் வேறு. அவரது கடமையின் இயல்பை விளங்கிக்கொள்ளுதல் வேறு.

ஜேர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற், 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிற் கடமைகளை நிறைவான கடமை, நிறைவிலாக் கடமை என வேறுபடுத்தினார். பிறருக்கு உதவுதல் நிறைவிலாக் கடமை. யாருக்கு, எப்போது, எவ்வளவு உதவுவது என்பதிற் செய்பவரின் விருப்பத்திற்கு இடமுண்டு. பொய்யான வாக்குறுதி அளியாமையோ நிறைவான கடமை. அதில் விருப்பத்திற்கு இடமில்லை. சாரணத் தலைவரின் நிலையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஒருவர் இப்பணிக்கு வராதொழிந்தால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. வந்து, பொறுப்பை ஏற்று, பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பெற்றுக்கொண்ட பின்னர் நிலைமை மாறுகின்றது. பிள்ளை மூன்று விரல்களை உயர்த்தித் தன்னால் இயன்றதைச் செய்வதாக அவர் முன்னிலையில் வாக்களிக்கின்றது. அவ்வாக்கைக் கேட்டு ஏற்றுக்கொள்பவர் தாமும் வாய்திறவாது ஒரு வாக்கை அளித்துவிடுகின்றார். கொடையாகத் தொடங்கியது அக்கணத்திற் கடனாகின்றது.

தமிழ் மரபுக்கு இது புதிய எண்ணமன்று. வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் ஒன்றாக அடக்காது அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களாக வகுத்துள்ளார். வறியவர்க்கு வழங்குதல் ஈகை. உலகநடை அறிந்து ஊருக்குப் பயன்பட ஒழுகுதல் ஒப்புரவு. ஒப்புரவைக் குறிக்குமிடத்து அவர் ஆளும் சொல் கடப்பாடு என்பதாகும். அதற்கு மழையை உவமையாக்குகின்றார். கைம்மாறு வேண்டாமை கடப்பாட்டை நீக்கிவிடுவதில்லை. கைம்மாறு வேண்டாத கடப்பாடு என்றே ஒன்று உண்டு என்பது அவரது துணிபு. சாரணத் தலைவரின் பணியை இவ்வகையிலேயே சேர்த்தெண்ணல் வேண்டும்.

இக்கடனின் முதற்கூறு நிலைத்து நிற்றலாகும். ஒரு பிள்ளை ஈராண்டு முயன்று உயர்ந்த சின்னம் ஒன்றை நெருங்கும் வேளையில் தலைவர் சலிப்புற்றோ சகதலைவருடன் பிணங்கியோ வாராதொழிந்தால், அதை அவர் தமது சுதந்திரம் எனக் கருதக்கூடும். பிள்ளையோ அதை வாக்குப் பிழைத்தல் என்றே அறியும். விலகும் உரிமை தலைவருக்கு இல்லையென்பதன்று. குடும்பச் சுமை, நோய், இடமாற்றம் எவர்க்கும் நேர்வன. விலகுமுன் பொறுப்பை ஏற்க இன்னொருவரை ஆயத்தஞ் செய்து, ஏடுகளையும் கணக்கையும் ஒப்படைத்து, பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போதல் அவருக்குரிய கடன்.

இரண்டாவது கூறு, பிள்ளைகளைத் தம் நோக்கத்திற்குக் கருவியாக்காமையாகும். சாரணர் இயக்கத்தின் பிறப்போடே இவ்வையம் ஒட்டியுள்ளது. 1899 முதல் 1900 வரை தென்னாபிரிக்காவின் மாவெகிங் நகர் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், நகரைக் காத்த பேடன் பவலின் படைக்குச் செய்தி கொண்டுசெல்லச் சிறுவர்கள் பயன்படுத்தப்பட்டனர். பேரரசின் தேவையும் பிள்ளையின் நன்மையும் ஒன்றே என நம்பியவர் அவர். ஜேர்மனியில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. 1933 இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தபின் சாரணர் அமைப்புக்கள் ஒழிக்கப்பட்டன; 1936 ஆம் ஆண்டுச் சட்டம் ஹிட்லர் இளைஞர் அமைப்பை அரசின் இளைஞர் அமைப்பாக்கியது; 1939 இல் அதிற் சேர்தல் கட்டாயமாயிற்று. அங்கும் சீருடை இருந்தது, பாசறைத் தீ இருந்தது, பாட்டும் இருந்தது. புறவடிவங்கள் நல்லொழுக்கத்திற்கு உறுதியளிப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இத்தவறு சிறிய அளவில் அன்றாடம் நேரக்கூடியது. பிரமுகர் ஒருவரை வரவேற்கப் பிள்ளைகளை வெயிலில் மணிக்கணக்காக நிறுத்திவைத்தல் ஓர் எடுத்துக்காட்டு. பாடசாலையின் புகழுக்காக விருதுகளின் தொகையைப் பெருக்கி, வலுக்குறைந்த பிள்ளையைப் பின்தள்ளுதல் இன்னொன்று. சாரணர் வேலை வாரத்திற் பிள்ளைகள் வீடுவீடாகச் சென்று முற்றம் கூட்டியும் வாகனம் கழுவியும் பணம் ஈட்டுகின்றனர். அப்பணத்தின் கணக்கைப் பிள்ளைகளுக்குக் காட்டாத தலைவர், நேர்மையைப் பற்றிச் சாரணர் சட்டத்திலிருந்து எத்தனை பாடம் நடத்தினும் பயனில்லை.

மூன்றாவது கூறு, காத்தலுக்கும் விட்டுக்கொடுத்தலுக்கும் இடையிலான நிதானமாகும். சாரணத்தின் உயிர்நாடி அணிமுறை. ஆறு தொடக்கம் எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி. அவர்களுள் ஒருவனே அணித்தலைவன். சோறு அடிப்பிடித்தாலும், கூடாரம் நள்ளிரவிற் சரிந்தாலும், அதைத் தாமே திருத்திக்கொள்ளப் பிள்ளைகளை விட்டுவைக்கும் பொறுமை வளர்ந்தவருக்கு வேண்டும். அனைத்தையும் தாமே செய்துமுடிக்கும் தலைவர் பிள்ளைகளுக்குப் பாசறையை அளிக்கின்றார், பொறுப்பை அளிப்பதில்லை.

ஆயின் விட்டுக்கொடுத்தலுக்கும் எல்லையுண்டு. இலங்கையில் இயக்கம் தோன்றிய அதே 1912 ஆம் ஆண்டு, ஆகஸ்ட் 4 ஆம் நாள், இலண்டனிலிருந்து பாசறைக்குச் சென்ற சாரணர்களின் படகு இங்கிலாந்தின் லெய்ஸ்டவுன் கரைக்கு அப்பாற் காற்றிற் கவிழ்ந்தது. ஒன்பது சிறுவர் மாண்டனர். வளர்ந்தவர்கள் உடனிருந்தும் அவர்களைக் காக்க இயலவில்லை. நல்லெண்ணம் நீச்சல் அறியாத பிள்ளையை மிதக்கவைப்பதில்லை. சோறு கருகுவதும் உயிர் போவதும் ஒரே வகைப் பிழைகள் அல்ல. முன்னதற்கு இடங்கொடுத்து, பின்னதற்கு இயன்றவரை வழியடைத்தலே தலைவரின் விவேகம்.

நான்காவது கூறே மிகக் கடினமானது. அது கேள்விக்கு உட்படுதலாகும். ‘சும்மா வந்து செய்கிறவரை என்னவென்று கேட்பது?’ என்னும் தயக்கம் பெற்றோரிடம் உண்டு, அதிபரிடமும் உண்டு. இத்தயக்கத்தின் விலையை அமெரிக்காவின் அனுபவம் காட்டுகின்றது. அந்நாட்டின் ஆண் சாரணர் அமைப்பு, பிள்ளைகளுக்குத் தீங்கிழைத்தவர்களெனச் சந்தேகிக்கப்பட்ட தொண்டர்களைப் பற்றிய கோவைகளை நெடுங்காலம் இரகசியமாக வைத்திருந்தது. 2012 இல் நீதிமன்ற ஆணையின்படி அவற்றுட் பல வெளியாயின. 2020 இல் அவ்வமைப்பு வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. சிறுபராயத்திற் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 82,000 இற்கு மேற்பட்டோர் இழப்பீடு கோரினர். தீங்கிழைத்தோர் தொண்டர்களுட் சிறுபான்மையினரே. எனினும் அவர்களுக்கு மறைவிடமாக அமைந்தது ஏனைய நல்லவர்கள் ஈட்டிய நன்மதிப்பே. எந்த வளர்ந்தவரும் ஒரு பிள்ளையுடன் தனித்திருத்தலாகாது, பாசறையில் வளர்ந்தோர் இருவராவது இருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகளைச் சில தலைவர்கள் தம்மீது சுமத்தப்பட்ட ஐயமெனக் கருதி மனம் நோகின்றனர். அவ்விதி அவரைச் சந்தேகிப்பதன்று. நல்லவரையும் தீயவரையும் முகத்தைப் பார்த்துப் பிரித்தறியப் பிள்ளையால் இயலாது என்னும் உண்மையை ஒப்புக்கொள்வதேயாகும். தாம் நேர்மையானவர் என்பதை அறிந்த தலைவரே அவ்விதிக்கு முதலிற் கட்டுப்பட வேண்டியவர். அவர் விலக்குக் கோரின், அவ்விலக்கின் நிழலில் இன்னொருவன் நுழைவான்.

இத்துணைக் கடமைகளையும் ஏற்றினால் இப்பணிக்கு யார்தான் முன்வருவர் என்னும் மறுப்பு இங்கு எழலாம். தொண்டர்கள் அரிதாகிவரும் சூழலில் அது புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் அதற்குரிய தீர்வு கடமையைக் குறைத்தலன்று, பகிர்தலே. ஒரே ஆசிரியர் பத்தாண்டுகள் தனித்து நின்று துருப்பை நடத்துவதும், ஏனையோர் ஆண்டுக்கொருமுறை மேடையில் அவருக்கு மாலை சூட்டுவதும் சமூகத்தின் சோம்பலையே காட்டுகின்றன. பாசறைக்கு உடன்வரும் ஒரு தந்தை, கணக்கைப் பார்க்கும் ஒரு தாய், வார இறுதியில் முதலுதவி கற்பிக்க வரும் ஒரு பல்கலைக்கழக மாணவர் ஆகியோர் சேர்ந்தால் அச்சுமை தாங்கக்கூடியதாகும். தலைவரும் தனித்து நில்லாமையாற் காக்கப்படுவர்.

ஆகவே, ஊதியம் பெறாமை ஒருவரது செயலின் சிறப்பை உயர்த்தலாம். அவரது பொறுப்பைக் குறைப்பதில்லை. ஊதியம் பெறுபவரை விலக்கவும் தண்டிக்கவும் நிறுவனத்திற்கு வழியுண்டு. தொண்டரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அவரது மனச்சான்று ஒன்றே. அதனாலேயே அவர் கேட்கப்படுமுன் கணக்குக் காட்டவும், கண்காணிக்கப்படுமுன் கதவைத் திறந்துவைக்கவும் கடமைப்பட்டவராகின்றார். சாரணத் தலைவர் அளிக்கும் மாலைப்பொழுதுகளுக்கு விலை மதிக்க இயலாது என்பது மெய்யே. அவரை நம்பிப் பிள்ளையை அனுப்பிவிட்டு வீட்டில் விளக்கேற்றிக் காத்திருக்கும் தாயின் நம்பிக்கைக்கும் விலை மதிக்க இயலாது.