வேடம் கலையாத சோதனை

பனச்சமூட்டில் கேரளமும் தமிழ்நாடும் சந்தையிலேயே முட்டிக்கொள்கின்றன. வெள்ளறடை பஞ்சாயத்தைச் சேர்ந்த அந்தச் சந்தையில் மீனோ மரச்சீனியோ வாங்குகிறவர் விற்கிறவரின் முகத்தையும் சேர்த்தே எடைபோட்டு வாங்குகிறார். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்தான் பெரும்பாலும் கடைக்காரர். நிறுவை குறைந்தால் அங்கேயே சண்டை, அங்கேயே தீர்ப்பு. நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டார இளைஞர்கள் பஸ் ஏறி வேலைக்குப் போகிற திருவனந்தபுரத்துப் பெரிய துணிக்கடைகளிலும் சூப்பர் மார்க்கெட்டுகளிலும் அப்படியில்லை. 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்ததிலிருந்து அந்த நகரத்தின் வியாபாரம் இன்னும் பெரிய அளவுக்குப் போய்விட்டது. மாடி மாடியாக நிற்கும் கடையில் முதலாளியின் கண் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. அதனால் கூலிக்கு ஒரு கண் தேவைப்படுகிறது. அதற்குத்தான் மிஸ்டரி ஷாப்பர் என்று பெயர்.

வேலை இதுதான். ஓர் ஆய்வு நிறுவனம் ஒருவருக்குக் கடையின் பெயரையும், போக வேண்டிய நேரத்தையும், கேட்க வேண்டிய கேள்விகளையும் கொடுத்தனுப்புகிறது. அவர் சாதாரண வாடிக்கையாளரைப் போல உள்ளே போகிறார். வாசலில் வணக்கம் சொன்னார்களா, எத்தனை நொடியில் கவனித்தார்கள், சட்டையில் பெயர்ப்பட்டை இருந்ததா, கேட்ட பொருளோடு இன்னொன்றையும் வாங்கச் சொன்னார்களா, பில் கவுண்டரில் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்களா, முகத்தில் சிரிப்பு இருந்ததா என்பதையெல்லாம் மனதில் குறித்துக்கொள்கிறார். வெளியே வந்ததும் படிவத்தை நிரப்பி, பில்லைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார். கொடுத்த பணம் திரும்பக் கிடைக்கும், கூடவே கொஞ்சம் கூலியும். இதே ஆட்களில் சிலர் மெர்ச்சண்டைசர் வேலையும் பார்க்கிறார்கள். அது ஒளிவுமறைவில்லாத வேலை. கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு வந்து, எக்ஸ்பயரி நெருங்கிய பாக்கெட்டை ரேக்கின் முன்னால் இழுத்துவைத்து, புதுச் சரக்கைப் பின்னால் தள்ளி, கண்மட்டத்தில் தங்கள் பொருள் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிற வேலை. கடைப் பையன்களும் பெண்களும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவர் குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்வார், அவர்களும் பதில் சொல்வார்கள். ஒரே கடையின் தரத்தைத்தான் இரண்டு பேரும் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தைக் காட்டிப் பார்க்கிறார், மற்றவர் மறைத்துப் பார்க்கிறார். அறம் சார்ந்த கேள்வி இந்த இடத்தில்தான் எழுகிறது: ஒருவரின் நேர்மையைச் சோதிக்க நாம் நேர்மையில்லாத முகத்தோடு போகலாமா?

போகவே கூடாது என்று நம் மரபு சொல்லவில்லை. ஒற்றாடலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். துறவி வேடத்தில் போகிற ஒற்றனையும் அவர் அங்கே ஏற்கிறார். அறநூல் எழுதியவர் இப்படிச் சொல்லலாமா என்று முகம் சுளிப்பவர்கள், அதே அதிகாரத்தில் அவர் போடுகிற கட்டுப்பாட்டையும் படிக்க வேண்டும். ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கச் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒன்றாக இருந்தால்தான் நம்பச் சொல்கிறார். அதாவது மறைந்து பார்ப்பவரின் சொல்லுக்குப் பாதி நம்பிக்கைதான் உண்டு. முகம் காட்டாத சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது, ஆகவே அதை எண்ணிக்கையால் ஈடுகட்ட வேண்டும் என்பது அவர் கணக்கு. ஒரே ஒரு வருகையின் மதிப்பெண்ணை வைத்து ஒரு சேல்ஸ் கேர்ளின் மாத இன்சென்டிவைத் தீர்மானிக்கிற கடை, வள்ளுவர் அரசனுக்கே தராத சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறது.

இன்னும் கூர்மையான எச்சரிக்கை, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், அர்த்தசாஸ்திரத்தில் இருக்கிறது. அந்த நூலுக்கும் நம் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்து மைசூருக்குப் போன கிரந்த எழுத்து ஏட்டிலிருந்துதான் 1909-இல் ஷாம சாஸ்திரி அதை முதலில் அச்சேற்றினார். 1924, 25-இல் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்திலிருந்து தம் உரையோடு இன்னொரு பதிப்பைக் கொண்டுவந்தார். சூழ்ச்சியின் பாடநூல் என்று பெயர் வாங்கிய அந்த நூலில் அமைச்சர்களைச் சோதிக்க அறம், பொருள், இன்பம், அச்சம் என்று நான்கு பொறிகள் சொல்லப்படுகின்றன. வள்ளுவரும் தெரிந்துதெளிதலில் இதே நான்கைச் சொல்கிறார். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அவற்றை அர்த்தசாஸ்திர வழியிலேயே விரிக்கிறார். ஆனால் அர்த்தசாஸ்திர ஆசிரியர் கௌடில்யர் பொறிகளை விவரித்துவிட்டு ஒரு தடையும் வைக்கிறார். கெடாதவனைக் கெடுக்காதே, அது தண்ணீரில் நஞ்சைக் கலப்பது போன்றது, கெட்டுவிட்டவனுக்கு மருந்து கிடைக்காமலே போகலாம் என்பது அவர் கருத்து. அதனால் அரசன் தன்னையோ அரசியையோ சோதனையின் இலக்காக வைக்கக் கூடாது, வெளிப்பொருள் ஒன்றை வைத்தே சோதிக்க வேண்டும் என்கிறார். இரக்கத்தால் அவர் இதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. சோதனை என்பது இருப்பதை வெறுமனே அளந்துவிட்டுப் போவதில்லை, இல்லாததை உண்டாக்கவும் செய்யும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். பில் போடாமல் தருகிறாயா, கொஞ்சம் குறைத்துக்கொடு என்று வற்புறுத்திக் கேட்டு, பையன் வழுக்குகிறானா என்று பார்ப்பது ஒரு வகை. எல்லா வாடிக்கையாளரையும் போல வந்து, பொருளை வாங்கி, நடந்ததை மட்டும் எழுதுவது இன்னொரு வகை. முதலாவதில் குற்றத்தைக் கடைக்குள் கொண்டுவந்தவரே ஷாப்பர்தான். அந்தக் கேள்வியோடு அவர் வராமல் இருந்தால் அந்தப் பையனுக்கு அன்றைக்கு அப்படியொரு நினைப்பே வந்திருக்காது. இரண்டாவதில் அவர் வெறும் கண். இந்தக் கோட்டைத் தாண்டாத வரை மறைந்து பார்ப்பதில் பெரிய குற்றம் காண என்னால் முடியவில்லை. ஆனால் இந்தக் கோடு மட்டும் போதாது.

போதாது என்பதைப் பெரியபுராணத்தில் பார்க்கலாம். சேக்கிழார் காட்டும் இறைவனைவிடத் தேர்ந்த மிஸ்டரி ஷாப்பர் யாரும் இல்லை. பொன், மணி, பட்டு விற்ற பழையாறை வணிகர் அமர்நீதியாரிடம் அவர் பிரம்மச்சாரியாக வருகிறார். ஒரு கோவணத்தைப் பத்திரமாக வைத்திருக்கக் கொடுத்து, அதைத் தானே மறையச் செய்துவிட்டு, திரும்பி வந்து கேட்கிறார். வேறொன்று தருகிறேன் என்றால் ஏற்க மறுக்கிறார். கடைசியில் தன் தண்டில் கட்டியிருந்த மற்றொரு கோவணத்துக்கு எடைக்கு எடை தரச் சொல்லித் தராசில் வைக்கிறார். கடையிலிருந்த துணியெல்லாம், பொன்னெல்லாம் வைத்தும் தட்டு சமமாகவில்லை. மனைவியோடும் பிள்ளையோடும் அமர்நீதியாரே ஏறி நின்ற பிறகுதான் சமமானது. கௌடில்யரின் அளவுகோலில் பார்த்தால் இது பொறியேதான். பொருளை மறைத்தவரே பொருள் எங்கே என்று கேட்கிறார். ஆனாலும் பக்தி மரபு இதைக் கொடுமையாகக் கொள்ளவில்லை. கதையின் முடிவுதான் அதற்குக் காரணம். இறைவன் வேடத்தைக் களைந்து காட்சி தருகிறார், தராசே விமானமாகிறது. சோதிக்கப்பட்டவர் சோதித்தவரின் முகத்தைப் பார்த்துவிடுகிறார். திருநீலகண்டத்துக் குயவனாரிடம் கொடுத்த திருவோட்டை மறைத்த கதையும் அப்படியே முடிகிறது. வேடம் அங்கே வாங்கிய கடன், கடைசியில் திருப்பித் தரப்படுகிறது. அதே புராணத்தில் திருநீறு பூசி, நூல் ஒன்று கொண்டுவந்ததாகச் சொல்லி உள்ளே நுழைந்த முத்தநாதன் மெய்ப்பொருள் நாயனாரைக் குத்துகிறான். அவன் வேடமும் கலைகிறது, கத்தி வெளியே வந்தபோது. வந்தவர் வேடம் போட்டாரா என்பது இரண்டு கதைகளையும் பிரித்துக் காட்டாது. வேடத்துக்குப் பின்னாலிருந்து என்ன வெளியே வந்தது என்பதுதான் பிரித்துக் காட்டும்.

கடையில் வேடம் கலைவதே இல்லை. ஷாப்பர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அடுத்த மாதம் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டி, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்று உனக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது என்பார். எந்த வாடிக்கையாளர், எந்த மணிக்கு, அந்த நேரத்தில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்று அந்தப் பெண்ணால் திருப்பிக் கேட்க முடியாது. தண்டனையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது. தீர்ப்பு இருக்கிறது, தீர்ப்புச் சொன்னவர் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். ஷாப்பர் எங்கே பொய் சொன்னார்? அவர் நிஜமாகவே பணம் கொடுத்தார், பொருள் வாங்கினார், பில் பெற்றார். உண்மையான வாடிக்கையாளர்தானே என்பார்கள். பாதி சரி. தான் யார் என்று சொல்லாமல் இருப்பது பொய்யாகாது. சந்தைக்குப் போகிற யாரும் தன் வேலையைச் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஆனால் தங்கைக்குக் கல்யாணம், பட்டு காட்டுங்கள் என்று கட்டிய கதையோடு போய், ஒரு பெண்ணை அரைமணி நேரம் சேலை விரிக்கவைத்துவிட்டு எதுவும் எடுக்காமல் எழுந்து வருவது மௌனமல்ல. ஏறத்தாழ 420-இல் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டின் இதே சிக்கலுக்குப் பதில் எழுதினார். பொய் சொல்லி மறைந்து வாழ்ந்த ஒரு கூட்டத்தைப் பிடிக்க, நாமும் அவர்களில் ஒருவர்போல நடிக்கலாமா என்று கான்சென்டியஸ் என்பவர் கேட்டிருந்தார். கூடாது என்றார் அகஸ்டின். பொய்யைப் பொய்யால் பிடித்தால் பிறகு நம் உண்மையை யார் நம்புவார் என்பது அவர் வாதங்களில் ஒன்று. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இடம் கொடுத்த வள்ளுவர் அவ்வளவு கறாரானவர் அல்ல. நான் வள்ளுவர் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அந்த நன்மை யாருக்குக் கிடைக்கிறது என்று கேட்காமல் சாய முடியாது. விரித்த சேலைகளைத் திரும்ப மடிக்கிற பெண்ணுக்கு அந்தக் கட்டுக்கதையால் என்ன நன்மை?

இன்னொரு மறுப்பு பக்தியின் மொழியிலேயே வரும். தெற்கன் குரிசுமலைக்கு நோன்புக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஏறுகிற வட்டாரம் இது. வேதப் பாடம் இங்கே பலருக்கும் தெரியும். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் பசித்தவனாகவும் அந்நியனாகவும் வந்தவர் தானே என்று கடைசி நாளில் அரசர் சொல்கிறார். ஆகவே எந்த வாடிக்கையாளரும் ஆய்வாளராக இருக்கலாம் என்ற எண்ணம் வந்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் மரியாதை கிடைக்கும், விருந்தை இறைவனாகப் பார்க்கும் பழக்கமும் அதுதானே என்கிறது இந்த வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில் நல்லவர்கள் சொல்கிற பதிலைக் கவனிக்க வேண்டும். எப்போது உம்மைக் கண்டோம் என்று அவர்கள் திகைக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை, சந்தேகமும் இல்லை. பசித்தவரைப் பசித்தவராகவே பார்த்துச் சோறு போட்டார்கள். சோதனை நடக்கிறது என்று தெரிந்து கொடுத்த சோறாக இருந்தால் அந்தத் தீர்ப்புக்கே பொருளில்லை. வருகிறவரெல்லாம் உளவாளியாக இருக்கலாம் என்ற பயத்தில் ஒரு பெண் பத்து மணி நேரம் சிரித்துக்கொண்டு நின்றால், அவள் பார்ப்பது எதிரே நிற்கும் மனிதரையல்ல, அவருக்குப் பின்னால் இருக்கக்கூடிய படிவத்தை.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் அலங்காரமாகத்தான் இருக்கும். காலாவதியான மாவும் தப்பான விலைச்சீட்டும் அன்றைக்கு மட்டும் மறைந்துவிடும். வாங்குகிற ஏழை ஏமாறக் கூடாது என்றால் மறைந்து போகத்தான் வேண்டும். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். கள்ள அளவு இல்லாத மாவேலி மன்னனின் நாட்டை ஓணம்தோறும் நினைக்கிற ஊர் இது. அந்தப் பெயரில் கேரள அரசின் சப்ளைகோ கடையே நடத்துகிறது. அளவுக்குக் காவல் வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அரசின் காவல் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, மாதிரி எடுக்கிற அதிகாரி ஆய்வுக்கு எடுக்கிறேன் என்று அப்போதே எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். விதிவிலக்குகள் நீங்கலாக மாதிரியை நான்கு பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். வரும் நாளை அவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வந்த பிறகு தான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். மறுசோதனைக்கு வழியும் வைக்கப்பட்டிருக்கிறது. திடீரென்று வருவதும் முகம் காட்டுவதும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதற்கு நாட்டின் சட்டமே சாட்சி. சிறை வரை கொண்டுபோகக்கூடிய சோதனைக்கே இவ்வளவு வெளிச்சம் வேண்டுமென்றால், சிரித்தாளா இல்லையா என்ற சோதனைக்கு ஏன் இவ்வளவு இருட்டு? பொருளையும் விலையையும் எடையையும் மறைந்து பாருங்கள். ஆளின் மேல் குறிப்பு எழுதினால், வந்தது யார் என்று பிறகாவது சொல்லி, அந்த ஆளின் பதிலையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஷாப்பரின் பெயர் வேண்டாம் என்றால் தேதியும் மணியுமாவது போதும்.

இதற்கெல்லாம் முந்தியது, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. துணிக்கடைப் பெண்களுக்கு வேலை நேரத்தில் உட்கார உரிமை கேட்டுக் கோழிக்கோட்டில் விஜி பெண்கூட்டு போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, கேரளம் 2018-இல் கடைச் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு 2021-இல் அதே வழியில் திருத்தம் கொண்டுவந்தது. நடுவிலிருந்த மூன்று ஆண்டுகளில், எல்லையின் கேரளப் பக்கக் கடையில் நின்ற பெண்ணுக்குச் சட்டம் நாற்காலி தந்துவிட்டது; கூப்பிடு தூரத்தில் தமிழ்நாட்டுப் பக்கக் கடையில் நின்றவளுக்குத் தரவில்லை. இன்று இரு பக்கமும் சட்டம் ஒன்றுதான். அந்த நாற்காலி உண்மையில் கவுண்டருக்குப் பின்னால் இருக்கிறதா, இருந்தாலும் அதில் உட்கார விடுகிறார்களா என்பதை, வாடிக்கையாளராக உள்ளே போய் நிற்கிறவரைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் யாருமில்லை. ஷாப்பரின் படிவத்தில் வழக்கமாக அந்தக் கேள்வி இருப்பதில்லை. வாடிக்கையாளர் நெருங்கியதும் ஊழியர் எழுந்து நின்றாரா என்பது இருக்கக்கூடும்.