செய்தவன் எங்கே?

அவனியாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மேலேதான் விமானம் தாழப் பறக்கும். அதில் ஏறிப்போய் வெளிநாட்டில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுக்கிறேன். டென்ஸ், ஆர்ட்டிகிள் எல்லாமே தகராறுதான். ஆனால் வசமாக மாட்டியது பாஸிவ் வாய்ஸில்.

'ஹி வாஸ் பீட்டன்': அவன் அடிக்கப்பட்டான். அடித்தவன் யாரென்று தெரியாவிட்டாலோ, எல்லாருக்கும் தெரிந்திருந்தாலோ 'பை' போட்டுச் சொல்லத் தேவையில்லை என்பது விதி. நான் வாக்கியத்துக்கு வாக்கியம் 'பை' போட்டேன். சிவப்பு மையில் அடித்துத் தந்தார்கள்.

பள்ளிக்கூடமே போகாத அம்மாவிடம் சொன்னேன். "அதெப்படிடா? அடிச்சவன விட்டுட்டு அடிவாங்குனவன மட்டுமா பேசுவாய்ங்க?"

அப்போதுதான் உறைத்தது. தமிழிலும் இதே கதைதான். 'தாழ்த்தப்பட்டோர்' என்கிறோம்; தாழ்த்தியவர் அந்தச் சொல்லில் இல்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 சூன் 30இல் 'கொல்லப்பட்டார்' என்றே நாமும் எழுதுகிறோம். தலித்துக்கு ஒதுக்கிய பதவியைப் பொறுக்காத சாதி இந்துக்கள் அவரையும் தோழர்களையும் வெட்டிக் கொன்றார்கள் என்று எழுத ஏன் கை தயங்குகிறது?

விதி தப்பில்லை. உடைந்த ஜன்னலுக்கு அது போதும். சிந்திய ரத்தத்துக்குப் போதுமா? நாளைக்கு என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு விதியைச் சரியாகவே சொல்லித்தருவேன். கூடவே அம்மா கேட்ட கேள்வியையும் சொல்லித்தருவேன்.