யாருடைய சைக்கிள்

சிரிலின் அப்பா அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. குடியிருந்த வீடு காலி. இவ்வளவும் தெரிந்த பிறகும் அவன் மனம் ஒன்றை விடாமல் பற்றியிருக்கிறது: அப்பா என் சைக்கிளை விற்றிருக்க மாட்டார். தார்தென் சகோதரர்களின் ‘சைக்கிளுடன் ஒரு சிறுவன்’ (2011) இந்த ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிற படம். அப்பா விற்றுத்தான் இருக்கிறார். சலூன் நடத்தும் சமந்தா என்ற பெண், வாங்கியவரிடம் பணம் கொடுத்து அதை மீட்டுவந்து தருகிறாள்.

பிற்பாதியில், பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றங்கரையில் போகிற இருவரும் சைக்கிளை மாற்றிக்கொள்கிறார்கள். அவளுடையதில் அவன், அவனுடையதில் அவள். திருடியவனைத் துரத்திப் பிடித்து மீட்ட வண்டி அது. அதை இன்னொருவர் மிதிக்க விட்டுவிட்டு நிம்மதியாகக் கூடவே வருகிறான். அவன் தேறிவிட்டான் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

*

சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத பிள்ளைக்குப் பாருக்கு அடியிலுள்ள முக்கோணம்தான் வழி. வலக்காலை அதற்குள் நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலை மிதிக்க வேண்டும். இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை பாரையோ சீட்டையோ அணைத்திருக்கும். உடம்பு இடப்புறம் தொங்குவதால் வண்டியை வலப்புறம் சாய்த்தபடியேதான் ஓட்ட முடியும். முதலில் முழுச்சுற்று வராது, அரைப்பெடல்தான். இதுதான் குரங்கு பெடல். பெரியவர்களின் அளவுக்குச் செய்த ஒரு பொருளைப் பிள்ளைகள் தங்கள் உடம்பை வளைத்துத் தங்களுடையதாக்கிக்கொண்ட விதம் இது. எந்தப் பொறியாளரும் யோசித்திராத விதம். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த ‘குரங்கு பெடல்’ (2024) படத்தில் மாரியப்பன் பழகுவது வாடகை சைக்கிளில். அவன் அப்பாவுக்கோ ஓட்டவே தெரியாது. தகப்பனிடமிருந்து வராத வித்தையை, நேரக் கணக்கில் எடுத்த வண்டியில், ஒரு கோடை விடுமுறையில் பிள்ளை தானே தேடிக்கொள்கிறான். சொந்தமில்லாத சைக்கிளோடும் இத்தனை நெருக்கம் வரும் என்று காட்டியதற்காகவே இந்தக் கதை எனக்கு முக்கியம்.

*

‘பெய்ஜிங் சைக்கிள்’ (2001). வாங் ஷியாவோஷுவாய் இயக்கியது. கிராமத்திலிருந்து வந்த பதினேழு வயது குவெய்க்குக் கூரியர் நிறுவனம் புது சைக்கிள் தருகிறது. உழைத்துக் கடனைக் கழித்தால் அவனுக்கே சொந்தம். கழியப்போகும் சமயத்தில் திருட்டுப் போகிறது. பள்ளி மாணவன் ஜியன், வீட்டில் எடுத்த பணத்தில் அதைப் பழைய பொருள் சந்தையில் வாங்கிவிடுகிறான். ஒருவனுக்கு அது சோறு. மற்றவனுக்கு, நண்பர்கள் முன்னால் தலைநிமிர ஒரு வழி; அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்ட வண்டி.

அடித்துக்கொண்ட பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வருகிறார்கள்: ஒருநாள் உனக்கு, ஒருநாள் எனக்கு. பெரியவர்களின் சட்டத்தில் இதற்கு இடமில்லை. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. இருவர் வலியும் உண்மை என்று இருவருமே ஒத்துக்கொண்ட பிறகுதானே இப்படி ஓர் ஏற்பாடு வரும்? பிறகு ஜியன் வேறு பையன்களோடு போட்ட சண்டை குவெய் மேலும் விழுகிறது. சைக்கிளும் நொறுங்குகிறது. பகிர்ந்துகொண்டவர்களுக்கு அந்த நகரம் இரக்கம் காட்டவில்லை.

*

சவூதியின் பெண் இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் ‘வஜ்தா’ (2012) படத்தை ரியாத்தில் எடுத்தார். தெருக்காட்சிகளின்போது வேனுக்குள் இருந்தபடி, வாக்கிடாக்கியில்தான் அவரால் இயக்க முடிந்தது. கதையில் சிறுமி வஜ்தாவுக்குப் பச்சை நிற சைக்கிள் ஒன்று வேண்டும். அது கிடைக்குமுன்பே, பக்கத்து வீட்டு அப்துல்லா மொட்டைமாடியில் பழகத் தன்னுடையதைக் கொடுக்கிறான்.

2013-இல் அங்கே பெண்கள் பூங்காக்களில் சைக்கிள் ஓட்ட அனுமதி வந்தது; ஆண் உறவினர் கூட வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வஜ்தா துணைக்கு ஆள் கேட்கவில்லை. அப்துல்லாவோடு பந்தயம் விட வேண்டும், ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கடைசியில் அம்மாவே வாங்கித் தந்த சைக்கிளில் தெருவில் இறங்குகிறாள். அவனை முந்தியும் போகிறாள்.