நான்கு கடன்கள்



தம்பி தங்கைகளே, ஜப்பானில் நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் தொழில் பயிற்சி முடித்துவிட்டு, போன மாதம்தான் கூலிமுக்குத் திரும்பினேன். வந்ததிலிருந்து எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறாங்க: “என்ன கத்துக்கிட்டு வந்தே?” இயந்திரத்தைப் பற்றிக் கற்றதை அறிக்கையாக எழுதிப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டேன். மீதியை இன்றைய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் சொல்றேன்.

மனிதன் கடனோடுதான் பிறக்கிறான் என்பது நம் சமயம் சொல்லும் கருத்து. தேவ கடன், ரிஷி கடன், பித்ரு கடன் என்று மூன்றை நம் சமய வகுப்பில் படித்திருக்கிறோம். சதபத பிராமணம் என்ற வேத நூல் நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது. அது மனிதர்களுக்கு நாம் பட்ட கடன். இந்த நான்கும் வீட்டில் இருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. தனியாக ஊர் தாண்டிப் போனால் தெரியும்.

முதலில் பித்ரு கடன். என் விமான டிக்கெட் அம்மா கட்டிய கூட்டுப் பணத்தில் வாங்கியது. அதற்கும் முன்னால் போய்ப் பாருங்க. பாட்டி இருட்டோடு எழுந்து மரம் சீவப் போனதால்தான் அப்பா பள்ளிக்கூடம் போனார். அப்பா படித்ததால்தான் நான் விமானம் ஏறினேன். “என் சொந்த முயற்சியில போனேன்” என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

அடுத்தது தேவ கடன். நமக்குக் கிடைத்ததை இறைவனுக்குப் படைக்காமல் உண்பவன் திருடனுக்குச் சமம் என்கிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். ஜப்பானில் சாப்பிடும் முன் எல்லாரும் கை கூப்பி “இததாகிமசு” என்பார்கள். ‘பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்’ என்று பொருள். தொழிற்சாலை உணவகத்தில், அழுக்கு உடுப்போடு உட்கார்ந்திருக்கிறவர்களும் கை கூப்புவதைத் தினமும் பார்த்தேன். ஒரு விடுமுறை நாளில் பிவா ஏரியில் உள்ள சிக்குபு தீவுக்குப் படகில் போனேன். அங்கே கோயில் கொண்டிருப்பவள் பென்சைதென். வேறு யாருமில்லை, நம் சரஸ்வதிதான்! பௌத்த நூல்களோடு சீனா வழியாக ஜப்பான் போனவள். அந்தத் தாயையும் ஒரு நாடு விருந்தாளியாக ஏற்றுத்தான் தன்னுடையவளாக்கிக்கொண்டது.

மூன்றாவது ரிஷி கடன். தொழிற்சாலையில் மூத்தவரை ‘செம்பாய்’ என்பார்கள். என் செம்பாய்க்கு ஆங்கிலம் வராது, எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறை. ஒரு போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை என் கையைப் பிடித்துத்தான் சொல்லிக் கொடுத்தார். கிளம்பும்போது, “உங்களுக்கு நான் என்ன செய்யணும்?” என்று கேட்டேன். “அடுத்து வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடு” என்றார். ரிஷி கடனை அடைக்க நம் முன்னோர் காட்டிய வழியும் இதுதான். கற்க வேண்டும், கற்றதைக் கற்பிக்க வேண்டும்.

கடைசியாக மனிதக் கடன். நான் சைவம். அங்கே சூப் என்றால் பெரும்பாலும் மீன் கருவாட்டில் கொதிக்க வைத்த நீர்தான் அடிப்படை. விடுதியில் சமைக்கும் அம்மா இதைத் தெரிந்துகொண்டு, கடற்பாசியை மட்டும் போட்டு எனக்கென்று தனியாக ஒரு சின்னப் பானையில் சூப் வைத்தார். நான் அவருக்கு என்ன உறவு? நான் அங்கே ஒரு வெளிநாட்டுத் தொழிலாளி, அவ்வளவுதான்.

தம்பி தங்கைகளே, இங்கேதான் நமக்குப் பரீட்சை. நம் கூலிம் தொழிற்சாலைகளில் நேப்பாளத்துக்காரர், வங்காளதேசத்துக்காரர் வேலை செய்கிறார்கள். நாம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் கடையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த அண்ணன்மார் பரிமாறுகிறார்கள். அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியுமா? அவர்களை “டேய்” என்று கூப்பிடுகிறோமா, “அண்ணே” என்று கூப்பிடுகிறோமா? அவர்களுடைய அம்மாவும் எங்கேயோ கடன் வாங்கித்தானே அனுப்பி வைத்திருப்பார்!

மனிதக் கடனை, வந்தவருக்கு இடமும் உணவும் கொடுத்து அடைக்கச் சொல்கிறது அந்த வேத நூல். நகோயாவில் நான் குடித்த சூப்புக்கான கடனை நகோயாவில் அடைக்க முடியாது. இங்கேதான் அடைக்கணும்.

திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். பிறர் செய்த நன்மையை அறிவது என்று அர்த்தம். அறிந்தால்தானே அடைக்க முடியும்? அதனால் இரண்டே வேண்டுகோள். வெளியூரோ வெளிநாடோ பயிற்சிக்குப் போய் வந்தவர்கள், அடுத்து விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகளில் ஒருவருக்காவது உட்கார்ந்து வழிகாட்டுங்கள். வரும் தீபாவளிக்கு, குடும்பத்தை விட்டு இங்கே வந்து வேலை செய்யும் ஒருவரை வீட்டுக்கு அழைத்து இலை போடுங்கள். என் வீட்டில் அம்மாவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் துணை நிற்பாராக.