வெட்கம் யாருக்கு உரியது?

பண்டம் கைமாறிவிட்டது, பணம் வந்து சேரவில்லை. விற்றவர் தொலைபேசியைக் கையில் எடுக்கிறார், பிறகு வைத்துவிடுகிறார். "இன்னும் ஒரு கிழமை பார்ப்போம். இப்போதே கேட்டால் என்ன நினைப்பார்?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். வாங்கியவரோ நிம்மதியாக நித்திரை கொள்கிறார். எம்மவரிடையே கொடுக்கல் வாங்கல் உள்ள எவருக்கும் இது புதிய விடயம் அல்ல. தரவேண்டியவர் தலை நிமிர்ந்து நடக்கவும் பெறவேண்டியவர் தலை குனிந்து நிற்கவும் எப்படி நேர்ந்தது? வெட்கம் உண்மையில் யாருக்கு உரியது? வாசகர்களோடு சேர்ந்து இதனைச் சிறிது சிந்தித்துப் பார்க்க விரும்புகிறேன்.

கைமாற்று, சீட்டுக்காசு, நகைக்கடன் என்று உதாரணங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் உறவும் அவசரத் தேவையும் கலந்திருப்பதால் நியாயம் எந்தப் பக்கம் என்று பார்ப்பது கடினம். ஆகவே சற்றுப் புதிய உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எமது பிள்ளைகள் ஆசையோடு சேர்க்கும் விளையாட்டு நினைவுப் பொருட்களே அவை: பழைய உதைபந்தாட்ட வீரர்களின் படங்கள், வீரர் அணிந்த மேற்சட்டை, கையொப்பமிட்ட பந்து, சாதனை படைத்த துடுப்பு மட்டை போன்ற அரிய பொருட்கள்.

இத்தாலியில் வளரும் பிள்ளைகளுக்குப் பனினி படங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மொடெனா நகரில் பனினி சகோதரர்கள் 1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் படங்களை மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சேர்த்துவிட்டார்கள். பாடசாலை முற்றத்தில் ஒருவன் தன் படக்கட்டை ஒவ்வொன்றாகக் காட்ட, மற்றவன் "சே லோ", "மாங்கா" என்று சொல்லிக்கொண்டே வருவான். "சே லோ" என்றால் என்னிடம் உண்டு. "மாங்கா" என்றால் என்னிடம் இல்லை. எமது ஊர் மாங்காயை நினைத்துப் பெற்றோருக்குச் சிரிப்பு வரலாம்! அத்லாந்தா அணியின் பந்துக் காப்பாளர் பித்சபல்லாவின் படம் 1963–64 தொகுப்பில் கிடைப்பதற்கு அவ்வளவு அரிதாக இருந்தது. கிடைக்காத எந்தப் பொருளுக்கும் அவருடைய பெயரையே உவமையாகச் சொல்லும் வழக்கம் இத்தாலியரிடம் அதனால் ஏற்பட்டது.

அந்தப் பிள்ளைகளின் பண்டமாற்றில் கவனிக்க வேண்டிய நியதி ஒன்று உண்டு. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் நீளும். ஒரு கையில் என் படம், மறு கையில் உன் படம். அங்கே கடன் இல்லை, தவணை இல்லை, "நாளை தருகிறேன்" இல்லை. ஆகவே மனக்கசப்பும் இல்லை. பெரியவர்களின் வியாபாரத்தில்தான் இந்த இரண்டு கைகளும் பிரிகின்றன. பொருள் இன்று போகிறது. பணம் பின்னர் வருகிறது. இடையில் உள்ள நாட்களை நிரப்புவது ஒரே ஒரு பொருள்தான். அதற்கு வாக்கு என்று பெயர்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பகேரியாவில் வசிக்கும் ஓர் இளைஞன் பலேர்மோ அல்பெர்கெரியாவின் பழம்பொருட் சந்தையில் தேடித் தேடி, 1990 உலகக் கிண்ணப் படத்தொகுப்பு ஒன்றை ஒரு படமும் குறையாமல் சேர்த்துவிட்டான். பலேர்மோவில் பிறந்து, அந்தக் கிண்ணப் போட்டியில் ஆறு கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவர் என்ற பரிசைப் பெற்ற சல்வத்தோரே ஸ்கில்லாச்சி, தன் கைப்படக் கையொப்பமிட்ட படம் ஒன்றும் அதனோடு இருக்கிறது. ஸ்கில்லாச்சி 2024 செப்டெம்பரில் காலமானதால் இனி அப்படி ஒரு கையொப்பம் கிடைக்கப் போவதில்லை. வட இத்தாலியில் வசிக்கும், குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவர் நல்ல விலை சொல்லி வாங்குகிறார். பொருள் தபாலில் போகிறது. "அடுத்த மாதச் சம்பளத்தோடு அனுப்புகிறேன்" என்கிறார். ஆறு மாதம் கழிகிறது. பையன் கேட்கப் போனால் வீட்டில், "விடு தம்பி, தெரிந்த மனிசர். ஒரு பொம்மைப் புத்தகத்துக்காகப் போய்ச் சண்டை பிடிக்கிறதோ?" என்று அடக்குகிறார்கள்.

இந்தப் பேச்சில் மூன்று சமாதானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: "இது ஆடம்பரப் பொருள்தானே, இதனால் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை." விற்பவர் ஏன் விற்கிறார் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. சிட்னி ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு 200 மீற்றர் ஓட்டத்தில் இலங்கைக்குப் பதக்கம் வென்ற சுசந்திகா ஜயசிங்கவை நாம் மறந்திருக்க மாட்டோம். முதலில் வெண்கலமாகக் கிடைத்த அந்தப் பதக்கம், மரியன் ஜோன்ஸின் தகுதி நீக்கப்பட்ட பின்னர் வெள்ளியாக உயர்ந்தது. அதே சுசந்திகா 2017இல், தமக்கு வரவேண்டிய மாதக் கொடுப்பனவு நின்றுபோனது என்று சொல்லி, அந்தப் பதக்கத்தை விற்கப்போவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். பார்ப்பவருக்கு அலுமாரி அலங்காரமாகத் தெரிவது உடையவருக்குக் கடைசிச் சேமிப்பாக இருக்கலாம். அப்படி இல்லாவிட்டாலும் நியாயம் மாறாது. அரிசிக்குக் கொடுத்த வாக்கு கனமானது, படத்துக்குக் கொடுத்த வாக்கு இலேசானது என்று தராசு எதுவும் கிடையாது. பொருள் விளையாட்டுப் பொருளாக இருக்கலாம். வாக்கு விளையாட்டு அல்ல.

இரண்டாவது: "பொருளைக் கைப்பற்றிக்கொண்டு ஏமாற்றினால்தான் குற்றம், விலை கேட்டுவிட்டு வாங்காமல் விட்டால் யாருக்கு என்ன நட்டம்?" இதற்கு அண்மைக்கால உதாரணம் ஒன்று உண்டு. 2013 மார்ச்சில் காலி மைதானத்தில் இலங்கைக்கு எதிராக 200 ஓட்டங்கள் எடுத்த முஷ்பிகுர் ரஹீம், டெஸ்ட் போட்டியில் பங்களாதேஷின் முதல் இரட்டைச் சதத்தைப் பெற்றார். கொரோனா பரவிய 2020இல், நோயால் தொழில் இழந்த ஏழைகளுக்கு உதவுவதற்காக அந்தத் துடுப்பு மட்டையை இணையவழி ஏலத்தில் விட்டார். விலை ஏறிக்கொண்டே போனது. பிறகு பார்த்தால் பல கேள்விகள் போலியானவை. கொடுக்கும் எண்ணமே இல்லாதவர்கள் வேடிக்கைக்குச் சொன்ன விலைகள். ஏலத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. முடிவில் பாகிஸ்தான் வீரர் சஹீட் அப்ரிடி தமது அறக்கட்டளையின் பெயரில் 20,000 அமெரிக்க டொலருக்கு அதை வாங்கினார்.

மட்டையை யாரும் களவெடுக்கவில்லை. ஆயினும் நட்டம் உண்டு. கடையில் சீனி வாங்க வந்தவர் வாங்காமல் போனால் அடுத்தவர் வாங்குவார். அரிய பொருளின் நிலைமை வேறு. அதற்குச் சந்தை விலை என்று ஒன்றில்லை. வாங்க வருபவர் சொல்லும் வாக்கே அதன் விலை. பொய்யாக விலை சொன்னவர், உண்மையாக வாங்க வந்தவரைத் துரத்திவிடுகிறார். அந்த வியாபாரம் குலைந்தபின், "பொருளில் ஏதோ குறை போலும்" என்ற சந்தேகம் பொருளின் மேல் விழுகிறது. சொன்னவர் போய்விடுவார், கறை விற்றவரிடம் தங்கிவிடும்.

நாம் வாழும் நாட்டின் சட்டமும் வாக்கை எளிதாக எண்ணவில்லை. குறித்த ஒரு பொருளை விற்கவும் வாங்கவும் இரு தரப்பாரும் முறைப்படி சம்மதித்த மாத்திரத்திலேயே உரிமை மாறிவிடும் என்பது 1942ஆம் ஆண்டின் இத்தாலியக் குடியியற் சட்டக்கோவையில் உள்ள பொது விதி. பணம் எண்ணிக் கொடுத்தபின் அல்ல, "சரி" என்று சொன்னபோதே!

மூன்றாவது சமாதானம்தான் மிகவும் யோசிக்க வைப்பது: "பாவம், அவருக்கு என்ன கஷ்டமோ?" உண்மையிலேயே வேலை போயிருக்கலாம், வீட்டில் நோயாக இருக்கலாம். இயலாமை குற்றம் அல்ல. ஆனால் இயலாதவரையும் மனமில்லாதவரையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. இயலாதவர் தாமாகவே முன்வந்து சொல்லுவார்: "தம்பி, இந்த மாதம் முடியவில்லை. பாதியை இப்போது வைத்துக்கொள், அல்லது பொருளைத் திருப்பி அனுப்புகிறேன்." மனமில்லாதவர் தொலைபேசியை எடுக்கமாட்டார். மேலும், மன்னிப்பது விற்றவரின் உரிமை. அவர் விரும்பினால் முழுக்கடனையும் விட்டுக்கொடுக்கலாம், அது புண்ணியம். அவரைக் கேளாமலே அந்த மன்னிப்பைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை இல்லை. விட்டுக்கொடுத்ததற்கும் பறிகொடுத்ததற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

அப்படியானால் கேட்பது தவறா? எமது சமயக் கதைகளிலேயே விடை இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனாரின் திருமணப் பந்தலுக்கு, பாட்டனார் எழுதிக்கொடுத்த அடிமை ஓலையோடு முதியவராக வந்து உரிமை கேட்டவர் யார்? சிவபெருமானே அல்லவா! சுந்தரர் "பித்தன்" என்று ஏசினார். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தார். முதியவர் வெட்கப்பட்டுத் திரும்பிப் போகவில்லை. கோபத்தில் கை நீட்டவும் இல்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு வழக்கைக் கொண்டுபோனார். கிழிந்தது படியோலைதான் என்று சொல்லி மூல ஓலையை எடுத்து வைத்தார். சபையினர் பாட்டனாரின் கையெழுத்தை வேறோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். உரியதைக் கேட்பது இறைவனுக்கே இழுக்கு அல்ல என்றால் எமக்கு எப்படி இழுக்காகும்? எழுத்து வைத்திருப்பதும் அவநம்பிக்கை ஆகாது.

எழுத்தும் பத்திரமும் இல்லாவிட்டால் எவ்வளவு பெரியவரும் ஏமாறுவார். 1948, 1952, 1956 என மூன்று ஒலிம்பிக்கில் இந்திய ஹொக்கி அணியோடு தங்கம் வென்ற பல்பீர் சிங், 1985இல் தமது 36 பதக்கங்களையும் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் அணிந்த மேலங்கியையும் அரும்பொருட் காட்சியகம் ஒன்றில் வைப்பதற்காக இந்திய விளையாட்டு ஆணையத்திடம் கொடுத்தார். பிற்காலத்தில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. 2020 மே மாதம் அவர் கண்மூடும்வரை அவை திரும்பி வரவேயில்லை. அது விற்பனை அல்ல, நம்பிக் கொடுத்தது. என்றாலும் பாடம் ஒன்றுதான்.

ஆகவே அன்பர்களே, விற்கும்போதே பொருளின் விவரம், விலை, பணம் தரும் திகதி ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். தவணையாகத் தருவதென்றால், கடைசித் தவணைவரை உரிமை விற்பவரிடமே இருக்கும் என்று எழுதிக்கொள்ள இத்தாலியச் சட்டம் இடமளிக்கிறது. தவணை தவறினால் முதலில் அன்பாக நேரில் கேளுங்கள். பலனில்லையேல், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி வரும் பதிவுத் தபாலில் கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையேல், எழுத்துச் சான்றோடு நீதிமன்றத்தில் பணம் செலுத்தும் கட்டளை கோரலாம். அந்தக் கட்டளை கையளிக்கப்பட்டதும் கடன்பட்டவர் பணத்தைச் செலுத்தவோ எதிர்ப்புத் தெரிவிக்கவோ பொதுவாக 40 நாட்கள் உண்டு.

கேட்பவருக்கும் எல்லைகள் உண்டு என்பதை மறக்கக் கூடாது. கோயில் மண்டபத்தில் நாலு பேர் முன்னிலையில் ஒருவருடைய பெயரைச் சொல்லி அவமானப்படுத்துவதும், அவருடைய பிள்ளைகளிடம் போய்க் கேட்பதும், பேசாத வட்டியைச் சேர்ப்பதும் நீதி ஆகா. உரிய பணத்தை மட்டும், உரியவரிடம் மட்டும், உரிய மொழியில் கேட்கவேண்டும். எல்லை மீறினால் நியாயம் கைமாறிவிடும். பிறகு கடன்பட்டவர் பாதிக்கப்பட்டவராகிவிடுவார்.

கேட்காமல் விடுவது பெருந்தன்மை என்று நாம் எண்ணுகிறோம். பல சமயங்களில் அது பெருந்தன்மை அல்ல, பயம். ஒருவர் கேட்காமல் விட்டதனால் துணிவு பெற்றவர், அடுத்து இன்னொரு குடும்பத்தில் வாங்குவார். அமைதியாகக் கேட்பவர் தமக்காக மட்டும் கேட்கவில்லை. அடுத்து விற்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காகவும் கேட்கிறார்.

இவை எல்லாவற்றையும் எமது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். படம் மாற்றும்போது இரண்டு கைகளையும் ஒன்றாக நீட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். "தெரிந்த மனிசர், விடு" என்று நாம் சொல்லும்போது, தெரிந்தவரை ஏமாற்றலாம் என்பதையே அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். "தெரிந்த மனிசர், ஆகையால் முதலில் அவருக்குக் கொடுத்து முடி" என்று வாங்கியவர் வீட்டில் ஒரு தாயோ தகப்பனோ சொல்லும் நாளில், விற்றவர் வீட்டில் தொலைபேசியை எடுக்கத் தயங்க வேண்டிய தேவையே இராது.