நிழலில்லாத பூ

பூக்களை மிகை வெளிச்சத்தில் படம் எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. ஹை-கீ என்பார்கள். பின்னணி முழு வெள்ளை. பூவிலும் வெள்ளைக்கு அடுத்த சாயைகளே அதிகம். கறுப்பென்று சொல்லத்தக்கது காம்பின் ஒரு கோட்டில் இருந்தால் உண்டு. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் வீட்டுத் தோட்டத்தில் இதைச் செய்துவருகிறேன். வெறும் பொழுதுபோக்கு என்றே நினைத்திருந்தேன். இதில் ஒரு தார்மீகக் கேள்வி ஒளிந்திருப்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு பொருளை அழகாக்குவதற்காக அதன் நிழலை நீக்கும் உரிமை நமக்கு உண்டா?

முதலில் இயந்திரத்தைப் பற்றி. காமிராவின் ஒளிமானி உலகம் சராசரியாகச் சாம்பல் நிறமானது என்று நம்புகிறது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவிகிதத்தைத் திருப்பியனுப்பும் ஒரு நடுத்தரச் சாம்பல்தான் அதன் அளவுகோல். வெள்ளை நந்தியாவட்டையைக் காட்டினால் அதையும் சாம்பலாக்கித் தருகிறது. வெள்ளை வெள்ளையாகவே வர, காமிரா சொல்வதை மீறி ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் ஒளி கூட்ட வேண்டும். ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது. ஆக, இம்முறையின் முதல் அடி பொய்யல்ல. இயந்திரத்தின் பொய்யைத் திருத்துவது. மிகை வெளிச்சமே பொய் என்று தொடங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சிக்கல் அடுத்த அடியில் இருக்கிறது. இன்னும் ஒரு ஸ்டாப் ஏற்றினால் இதழின் விளிம்பு பின்னணியோடு கரைந்துவிடுகிறது. இந்தக் கரைதலில் ஒரு மயக்கம் உண்டு. பலரும் அதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள், நானும்தான். ஆனால் கரைந்த இடத்தில் என்ன இருக்கிறது? டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எண்களாகவே இருக்கிறது. வழக்கமான கோப்பில் 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை. 255-ஐ எட்டிவிட்ட புள்ளியில் நரம்பில்லை, சுருக்கமில்லை, பூச்சி கடித்த தழும்பில்லை. இருட்டில் அமிழ்ந்ததைப் பிற்பாடு ஓரளவு தூக்கியெடுக்கலாம். வெளிச்சத்தில் போனது போனதுதான். இருளை அறியாமையோடும் ஒளியை ஞானத்தோடும் சேர்த்துப் பேசியே பழகிய நமக்கு இது சற்று அசௌகரியமான தகவல்.

இங்கு மரபின் பக்கமிருந்து ஓர் ஆட்சேபம் எழலாம். நம் கவிதையில் பூ தனியாக இருந்ததில்லை. முல்லை என்றால் காடும் கார்காலமும் மாலைப்பொழுதும் காத்திருப்பவளும் கூடவே வந்துவிடுகிறார்கள். ஹை-கீ படம் வெட்டியெறிவது இந்த நிலத்தையும் பொழுதையும்தான். படத்தில் நேரத்தைச் சொல்வது நிழல் சாயும் திசையும் அதன் நீளமும். அது போனபின் பூவுக்குக் காலையுமில்லை, மாலையுமில்லை. நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் முழுதாக ஏற்க முடியவில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் 99 வகைப் பூக்களைப் பறித்து, மழை கழுவிய அகன்ற பாறையில் குவிக்கிறார்கள். பூவை மண்ணிலிருந்து பிரித்து ஒரு வெற்றுப் பரப்பில் வைத்துப் பார்ப்பது அங்கேயே தொடங்கிவிட்டது. பிரிப்பது குற்றமென்றால் பார்ப்பதே குற்றமாகிவிடும்.

பெர்லினில் கலைப்பள்ளி ஆசிரியராக இருந்த கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் (1865-1932) மொட்டுகளையும் விதைக்கூடுகளையும் வெறும் அட்டைக்கு முன் நிறுத்திப் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். வேண்டாத இலைகளைக் கத்தரித்தும் இருக்கிறார். மாணவர்கள் வடிவத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் நோக்கம். 1928-ல் அப்படங்கள் நூலானபோது வால்டர் பெஞ்சமின் அதற்கு மதிப்புரை எழுதினார். ப்ளாஸ்ஃபெல்ட் நிலத்தை நீக்கினார். ஆனால் தண்டின் ஒவ்வொரு வரியிலும் நிழலை விட்டுவைத்தார். பின்னணியை நீக்குவதும் பொருளின் உடம்பிலுள்ள நிழலை நீக்குவதும் ஒன்றல்ல. முன்னதில் சூழல் போகிறது, பின்னதில் பொருளே போகிறது. என் கேள்வி இந்த இரண்டாவதைப் பற்றியது.

இவ்வளவையும் யோசிக்கவைத்தது ஒரு பூ அல்ல. போன வருஷம் தை மாதம் அப்பா இறந்தார். நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவர். முப்பது வருஷம் வெயிலில் வரப்பு வரப்பாக நடந்தவர். நல்ல கறுப்பு. காரியத்துக்குப் படம் வேண்டுமென்று ஓய்வூதியப் புத்தகத்திலிருந்த சின்னப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னேன். வாங்கப் போனபோது மேஜைமேல் இருந்தது வேறு ஒருவர். முகம் கோதுமை நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணின்கீழ்ப் பள்ளமும் நெற்றிக் கோடுகளும் கழுத்துச் சுருக்கமும் இல்லை. பின்னால் வெள்ளை. கோபம் வந்தது. கம்ப்யூட்டர் முன் இருந்த பையன், "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், கறுப்பா வந்தா திருப்பிக் குடுத்துடுறாங்க" என்றான். அவனைத் திட்ட வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அப்பா வைத்த நந்தியாவட்டைச் செடிக்குப் பின்னால் அவருடைய வேட்டியையே கட்டி, ஞாயிறுதோறும் நான் செய்துகொண்டிருந்ததும் இதுவேதான்.

பூவும் முகமும் ஒன்றா, பூவுக்குத் தன் சாயல் பற்றிய கவலை உண்டா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் கை பழகுவது பூவில். பழக்கம் முகத்துக்குப் போகும். கோடாக் கம்பெனி பல பத்தாண்டுகள் வண்ண அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் இருந்தது. அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. மற்ற தோல்கள் எப்படி வந்தன என்பது கணக்கிலேயே இல்லை. அழகின் அளவுகோல் ஒன்று தீர்மானமாகிவிட்டபின் அது எதன்மேல் பாய்கிறது என்று அதுவே பார்ப்பதில்லை.

வீட்டில் அம்மா படத்தை வெகுநேரம் பார்த்தாள். வேறு பிரதி போட்டுத் தரச் சொல்லட்டுமா என்றேன். "வேணாம்டா, நல்லாத்தான் இருக்கு. வெயில்ல போகாம இருந்திருந்தா அப்பா இந்த நிறந்தான்" என்றாள்.

இந்த வாக்கியம் என் தர்க்கத்தைக் குலைத்துவிட்டது. வங்கிக் கவுண்டரில் சந்தேகமான நோட்டு வந்தால் நாங்கள் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறோம். ஒளி தாளை ஊடுருவும்போது காந்தியின் உருவமும் தொகையின் எண்ணும் நீர்க்குறியாக உள்ளிருந்து எழுகின்றன. இதழுக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி எடுத்தால் நரம்புகள் எழுவதும் அப்படியே, அதுவும் ஹை-கீதான். இதை வைத்து ஓர் அளவுகோல் செய்து வைத்திருந்தேன். ஒளி பொருளுக்குள் நுழைந்து வந்தால் உண்மை, பொருளின்மேல் பூசப்பட்டால் பொய். ஸ்டூடியோ படம் பூச்சு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அம்மா பார்த்தது பூச்சை அல்ல. வெயிலில் நிற்க வேண்டியிராத ஒரு மனிதரை. அவளுக்கு அது நீர்க்குறி. நான் உண்மை என்று வாதாடும் கறுப்பு, அவளைப் பொறுத்தவரை அவருக்கு நேர்ந்த ஒரு கஷ்டம். எனக்கோ அந்த வெயில் இல்லாமல் அப்பா இல்லை. இருவரில் யார் சொல்வது சரியென்று தீர்த்துச்சொல்ல இன்னும் முடியவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: நீக்கும் உரிமை யாருக்காவது இருக்குமானால், அது அந்த நிழலோடு கூட வாழ்ந்தவர்களுக்கே. பையனுக்கில்லை. எனக்கும் பாதிதான்.

நம் கவிதைகளைப் பற்றியும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வெள்ளைத் தாளின் நடுவே நாலு வரி, ஒரு படிமம், சுற்றிலும் வெறுமை. அந்த வெறுமை படிமத்தின் நரம்பைக் காட்டுகிறதா, அல்லது சொல்லச் சங்கடமானதையெல்லாம் அதில் கரைத்துவிட்டோமா? நான் பாராட்டி எழுதிய சில கவிதைகளை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தேன். எல்லாமே தேறவில்லை.

ஸ்டூடியோ படம் சுவரில் இருக்கிறது. ஓய்வூதியப் புத்தகத்துப் படம் என் மேஜை இழுப்பறையில். போன ஞாயிறு நந்தியாவட்டையின் நிழல் வேட்டிமேல் விழுந்தது. முன்பானால் வேட்டியை நகர்த்திக் கட்டியிருப்பேன். இந்தத் தடவை அப்படியே எடுத்தேன். படம் அவ்வளவு நன்றாக வரவில்லை.