நாற்பது வயதில் கேட்கும் துஆ



அல்அஹ்காஃப் சூராவின் 15ஆம் வசனத்தை இன்று வீட்டுக்குப் போய் ஓதிப் பாருங்கள். தாய் சிரமத்தோடு சுமந்து சிரமத்தோடு பெற்றதை, சுமந்ததும் பால்குடி மறக்கச் செய்ததும் முப்பது மாதங்கள் என்பதைச் சொல்லிவிட்டு, அல்லாஹ் நேராக நாற்பது வயதுக்கு வருகிறான். அந்த வயதில் மனிதன் துஆ கேட்கிறான். தனக்கும் பெற்றோருக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தும் பாக்கியத்தைக் கேட்கிறான். தன் சந்ததி சீராக வேண்டும் என்கிறான். கூடவே தவ்பாவும் செய்கிறான்.

ஏன் நாற்பது? அறிவு முதிரும் வயது என்பார்கள் முஃபஸ்ஸிர்கள். நம் வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். இரவு பதினொரு மணி. பைக்கில் போன மகன் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். வந்ததும் கேட்கிறான்: "தூங்க வேண்டியதுதானே வாப்பா, நான் என்ன சின்னப் பிள்ளையா?" இதையேதான் நீங்களும் உங்கள் வாப்பாவிடம் சொன்னீர்கள். அவர் நின்றது அன்று உங்களுக்குத் தொல்லையாகத் தெரிந்தது. அந்த துஆவில் தவ்பா ஏன் வருகிறது என்று இப்போது புரிகிறதா?

மாமியாராகிவிட்ட சகோதரிகளும், மருமகளாக வந்த முதல் ரமளானில் ஸஹருக்கு எழுந்து அடுப்படியில் தனியாக நின்றதை நினைத்துப் பாருங்கள்.

வாப்பா இருந்தால் ஜும்ஆ முடிந்து அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். மவ்த்தாகிவிட்டாரா? அவருடைய நண்பர்களைத் தேடிப் போங்கள். தந்தையின் நேசத்துக்குரியவர்களோடு உறவு பேணுவது மிகச் சிறந்த நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.